முன்னறையில் இருந்த இறக்கை

நம் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி ஒரு பழைய போட்டோவைப் போட்டிருந்தாள். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸின் நடுப் புல்வெளி. குளிர் விட்டுக்கொண்டிருக்கும் நாளின் வெயில். கையால் பின்னிய ஸ்வெட்டர்களில் நம் கூட்டம். ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, வெளிர்நீலமாக, நீளமாக ஏதோ ஒன்று. “இது அந்த ஹவாய் ஜஹாஸ் வீட்டு இறக்கைதானே? அப்புறம் என்ன ஆச்சு?” என்று கீழே ஒருவன் கேட்டிருந்தான். யாருக்கும் தெரியவில்லை. பறந்து போயிருக்கும் என்று இன்னொருவன் எழுதி, சிரிக்கும் முகம் ஒன்றை வைத்திருந்தான்.

அந்த விமான வீடு எங்கள் வீடு. நீங்கள் எல்லோரும் அதன் ஜன்னல் கம்பியில் தொங்கியவர்கள்தான். அப்போது யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஏழாம் வகுப்புப் படித்த எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. இப்போது நமக்கும் தலை நரைத்துவிட்டது. அன்றைய அம்மாவைவிட எனக்கு வயது கூடிவிட்டது. சொல்கிறேன்.

இறக்கையைச் செய்தது என் மாமா, அம்மாவின் தம்பி. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போனபோது அவருக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதுகூட இல்லை. அம்மா பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, தையல் மெஷினை மிதித்து அவரை வளர்த்தாள். கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து டெல்லிக்கு வந்தபோதும் கூடவே கூட்டி வந்தாள். ஒரு மந்திரி அலுவலகத்தில் வேலை பார்த்த அப்பா அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கல்யாணமே நடந்திருக்காது என்று பின்னால் சிரித்துக்கொண்டே சொல்வார்.

மாமாவுக்கு விமானப்படையில் சேர வேண்டும். பரீட்சை எல்லாம் தேறினார். மருத்துவ சோதனையில் வலது காது மந்தம் என்று அனுப்பிவிட்டார்கள். சின்ன வயதில் வந்த சீழ். யாரும் கவனிக்காமல் விட்டது. பிறகு ஓக்லா பக்கம் ஃபைபர் கிளாஸில் தண்ணீர்த் தொட்டியும் பஸ் சீட்டும் செய்கிற ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சஃப்தர்ஜங் விமான மைதானத்தில் இஞ்சின் இல்லாத கிளைடர்களை வடம் கட்டி இழுத்து ஏற்றுவார்களே, நினைவிருக்கிறதா? நம் வீடுகளின் மேலே சத்தமில்லாமல் திரும்பும். நாம் கீழே கத்திக்கொண்டே ஓடுவோம். மாமா ஓடமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அது போய் இறங்கும் வரை பார்த்தபடியே நிற்பார்.

ஒரு தீபாவளி முடிந்த வாரம் முன்னறைச் சுவரில் பெரிய பெரிய வரைபடங்களை ஒட்டினார். அமெரிக்காவிலிருந்து தருவித்தவை. இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம், வீட்டிலேயே செய்துகொள்ளலாமாம். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“மாப்ளே, இதுக்குப் பர்மிஷன் யாரு குடுப்பா?”

“செஞ்சு காமிச்சாக் குடுப்பான் அத்தான். மொதல்ல றெக்கை. றெக்கை சரியா வந்துட்டா மிச்சம்லாம் தானா வரும்.”

“இஞ்சின்?”

“மொதல்ல றெக்கை அத்தான்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஏற்கெனவே முன்னறைக் கட்டிலைப் பிரிக்கத் தொடங்கியிருந்தாள்.

தெர்மோகோலை நாம் பள்ளிக்கூடத்தில் மாடல் செய்யப் பயன்படுத்தினோம். அதைவிட அடர்த்தியான நீல நிறக் கட்டிகள் வந்து இறங்கின. இறக்கையின் குறுக்கு வடிவத்தில் பிளைவுட் வெட்டிக் கட்டியின் இரு முனையிலும் பதித்தார்கள். மரச்சட்டத்தில் வில்லின் நாண் மாதிரி ஹீட்டர் கம்பி. அதைச் சூடேற்றி, ஒரு முனையை மாமாவும் மறுமுனையை அம்மாவும் பிடித்து, பிளைவுட்டின் விளிம்போடு இழுத்து வர வேண்டும். இருவரும் ஒரே சீராக வராவிட்டால் இறக்கை முறுகிவிடும். அம்மா வாய்விட்டு எண்ணுவாள். மாமா இடது காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு அந்த எண்ணுக்கு நகர்வார். கம்பி போன வழியில் புகை மெல்ல எழும். சர்க்கரை கருகுகிற மாதிரி ஒரு வாசனை. வெட்டி முடித்து மேல்துண்டைத் தூக்கியதும் உள்ளேயிருந்து அந்த வளைவு தெரிந்தபோது அம்மா, “ஏ அப்பா, மீனு முதுகு மாதிரில்லா இருக்கு” என்றாள். அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதேயில்லை.

அம்மாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அவள் பேசிக் கேட்டிருக்கமாட்டீர்கள். பால் டெப்போவிலும் காய்கறி வண்டியிலும் விரலைக் காட்டி, “பையா, ஆதா கிலோ” என்று அரைக் கிலோ கேட்பதோடு அவள் இந்தி முடிந்துவிடும். மற்ற அம்மாக்கள் மாடிப்படியில் உட்கார்ந்து பேசும்போது அவள் சிரித்தபடி நின்றுவிட்டு வந்துவிடுவாள். அந்தக் குளிர்காலத்தில்தான் அவள் அதட்டிப் பேசுவதைக் கேட்டேன். “ஏலே, துணிய இழுக்காத. குறுக்கால வெட்டணும்னு படத்துல போட்டிருக்கு பாரு.”

துணி என்றால் கண்ணாடி இழையில் நெய்த துணி. பட்டு மாதிரிப் பளபளக்கும், தொட்டால் அரிக்கும். நுரை இறக்கைமேல் அதை விரித்து ரெசினை ஊற்றித் தேய்க்க வேண்டும். ரெசின், தேன் பதத்தில் ஒரு பசை. அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனருக்கு மீனும் மூத்திரமும் சேர்ந்த ஒரு நாற்றம். சின்னத் தராசில் நிறுத்துக் கலந்ததும் அவசரம் தொற்றிக்கொள்ளும். “ஜல்தி, ஜல்தி” என்பார் மாமா. அம்மா அவசரப்படமாட்டாள். தையல்காரக் கை, வெள்ளைத் துணியை உள்ளங்கையால் நீவி நீவிக் குமிழை ஓரத்துக்குத் தள்ளுவாள். ரெசின் ஊறிய இடத்தில் துணியே மறைந்து, அடியிலிருக்கும் நீலம் தெரியும். மாமா ரப்பர் கையுறை வாங்கித் தந்திருந்தார். அதைப் போட்டால் குமிழ் தட்டுப்படவில்லை என்று கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டாள். மாமாவும் பார்த்தார். வேலை ஓடியது.

நம் டெல்லிக் குளிரில் ரெசின் இறுகாது. அறையில் ஹீட்டர், இறக்கையைச் சுற்றிப் பல்புகள், அதற்கும் மேல் வீட்டிலிருந்த பஞ்சு ரஜாய்ப் போர்வை அத்தனையும். நாங்கள் ஸ்வெட்டரோடு, பழைய புடவைகளைப் போர்த்திக்கொண்டு படுத்தோம். “மகளைவிட றெக்கை ஒசத்தி” என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. கதவு ஜன்னலெல்லாம் அடைத்திருக்கும். சூட்டில் அந்த நாற்றம் சமையலறை வரை வரும். மாடி வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்து, “பஹன்ஜி, எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா?” என்று இந்தியில் கேட்டுவிட்டுப் போனாள்.

இறுகிய பிறகு காசு வைத்துத் தட்டிப் பார்க்க வேண்டும். துணி நுரையோடு ஒட்டியிருந்தால் சத்தம் கெட்டியாக வரும். விட்டிருந்தால் பொத்தென்று வரும். இந்த வித்தியாசம் மாமாவின் காதுக்குப் பிடிபடவில்லை. அம்மாதான் இறக்கைமேல் தலையைச் சாய்த்து, ஒரு ரூபாய்க் காசால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு போவாள். “இங்கன பொள்ளலா கேக்கு.” மாமா அங்கே பென்சிலால் வட்டம் போட்டு, அறுத்து, மறுபடி துணி போடுவார்.

முதலில் அவள் விரலிடுக்கு சிவந்தது. எங்கள் எல்லோருக்கும்தான் கண்ணாடித் துணியால் அரித்தது. “அது துணிதான்க்கா. பச்சத் தண்ணியில குளிச்சாப் போயிரும்” என்றார் மாமா. பட்டறையில் எல்லோருக்கும் அப்படித்தானாம். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குக் குளித்தால் போய்விடும். பிறகு மணிக்கட்டு வெடித்தது. துணி சோப்புதான் காரணம் என்று அப்பா வேறு பவுடர் வாங்கி வந்தார். டிஸ்பென்சரி டாக்டர் ஏறிட்டுப் பார்க்காமல் ஒரு களிம்பு எழுதித் தந்தார். கண்ணிமை வீங்கியபோது ஆன்ட்டி ரோஜாத்தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். அப்புறம் இருமல். பனியும் புகையும் சூழ்ந்த ஜனவரியில் டெல்லியில் இருமாதவர் யார்?

பொங்கலுக்கு ஃபரீதாபாத்தில் அப்பாவின் சித்தப்பா வீட்டுக்குப் போய்ச் சில நாள் தங்கினோம். அங்கே அம்மா இருமவில்லை. கையில்கூடப் புதுத் தோல் வந்தது. திரும்பி வந்து முன்னறைக் கதவைத் திறந்த அன்றே இழுப்பு வந்தது. அப்பா ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

“அப்பா, அந்த ரூமுக்குள்ள போனாத்தான் அம்மாக்கு இருமுது.”

பிரஷ் நின்றது. “ஒனக்கென்ன தெரியும்? மாமா காதுல விழுந்தா மனசு ஒடிஞ்சிருவான். வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரு.”

அம்மாவிடமும் சொன்னேன். அவள் வெடித்த கையால் என் கன்னத்தைத் தொட்டு, “தெரியும்ட்டி. ஒரு றெக்கைதான். முடியட்டும்” என்றாள். அந்த மூன்று பேரில் ஒருவர்கூட மற்றவருக்குக் கெடுதல் நினைக்கவில்லை. ஒருவரை ஒருவர் நோகடிக்கக் கூடாது என்றே அந்த அறைக்கதவை அடைத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். இது எனக்கு இப்போது தெரிகிறது.

எதற்காக அவளுக்கு அது அப்படி வேண்டியிருந்தது? ஒரு நாள் இறக்கையைத் தேய்த்துக்கொண்டே மாமாவிடம் கேட்டாள்: “ரெண்டாவது சீட்டுல ஆரு உக்காருவா?”

“நீதான். வேற ஆரு?”

“ஒரு தடவ போதும்ல. ஒசரக்கப் போயி, நம்ம வீடு எம்புட்டுக் குட்டியா இருக்குன்னு பாத்துட்டு வந்துருதேன்.”

அந்த போட்டோவின் நாளுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை. இறக்கையை வெளியே கொண்டுவர ஜன்னல் கம்பியைக் கழற்ற வேண்டியிருந்தது. புல்வெளியில் இரண்டு மேசைகளை அடுக்கி, இறக்கையைத் தலைகீழாகப் போட்டு, விமானத்தோடு சேரும் அடிமுனையை இறுக்கிக் கட்டினார் மாமா. நுனி அந்தரத்தில் நின்றது. பறக்கும்போது காற்று மேலே தள்ளும் பளுவை மணல் மூட்டையாக வைத்துப் பார்க்கும் சோதனை அது. மணல் அள்ளிச் சாக்கில் நிரப்பியது நீங்கள். உங்களுக்கு அது விளையாட்டு. ஒவ்வொரு மூட்டைக்கும் இறக்கை கொஞ்சம் வளைந்தது. எங்கோ உள்ளே ‘கிரீச்’ என்றது; எல்லோரும் பின்வாங்கினீர்கள். மாமா கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். கம்பியில்லாத ஜன்னலில் அம்மா நின்றிருந்தாள், வீங்கிய கண்ணுக்கு அப்பாவின் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. “வையிலே” என்று கத்தினாள். கடைசி மூட்டையும் ஏறியது. நுனி தாழ்ந்தது, நின்றது. மூட்டைகளை எடுத்ததும் மெல்ல நிமிர்ந்து பழைய இடத்துக்கே வந்தது.

நீங்கள் கைதட்டினீர்கள். அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். அம்மா படியிறங்கி வந்து, அத்தனை பேர் முன்னால், இறக்கைமேல் தலைசாய்த்துக் காசால் தட்டிக்கொண்டே நுனி வரை போனாள். நிமிர்ந்து, “ஒண்ணும் விடலைல. அப்படியே இருக்கு” என்றாள். மாமா குந்தி உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். படம் எடுத்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் மாலை, அடிமுனைக்கு இன்னும் இரண்டு சுற்றுத் துணி போட மாமா ரெசின் கலந்தார். அம்மாவை வரவேண்டாம் என்றார். துணி நழுவியது, கூப்பிட்டார். போனாள். நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிரஷர் குக்கர் என்றுதான் நினைத்தேன். அம்மா சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தாள். வாய் திறந்திருந்தது. மூச்சு உள்ளே போகவில்லை. உதடு நீலமாக இருந்தது. மாமா அவளைக் குழந்தை மாதிரி வாரிக்கொண்டு செருப்பில்லாமல் மெயின் ரோட்டுக்கு ஓடினார். ஆட்டோவில் ஏற்றும்போதும் அவர் கையில் ரெசின் ஈரமாக ஒட்டியிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்துவிட்டார்கள். நெஞ்சு டாக்டர் ஒரு பெண். அம்மாவின் விரல்களைப் பிரித்துப் பார்த்து, வீட்டில் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாராம். அத்தனை நாளில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். உடம்பு அந்த ரெசினை விஷமாக எடுத்துக்கொண்டுவிட்டது, இனி ஆயுசுக்கும் அதன் வாடைகூட ஆகாது, வீட்டை விட்டு அதை வெளியேற்றுங்கள் என்றார். இரண்டு நாளாகத் தூங்காத அப்பா வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னது இதுதான்: “அந்த எழவெடுத்தது இனி வீட்டுல இருக்கக் கூடாதாம். இருந்தா அவ இருக்கமாட்டா.”

மாமா ஒன்றும் கேட்கவில்லை. காலையில் இறக்கையைப் பின்முற்றத்தில் கிடத்தி, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, ரம்பம் போட்டார்.

நான் மாடிப்படியில் ஆன்ட்டியோடு உட்கார்ந்து பார்த்தேன். நுரை சட்டென்று விட்டது. நடுவில் பளுவைத் தாங்கவென்று துணியாலேயே இறுக்கிய உத்தரம் விடவில்லை. அத்தனை சுற்றுத் துணியை அம்மா ஒரு குமிழ் இல்லாமல் நீவிப் போட்டிருந்தாள். ரம்பப் பல் மழுங்கியது, வேறு போட்டார். சாப்பிடவில்லை. வெயில் சாய்ந்த பிறகும் அறுத்துக்கொண்டிருந்தார். ஆன்ட்டி என் தலையைத் தன் பக்கம் இழுத்து, “மத் தேக், பேட்டா” என்றாள், பார்க்காதே என்று.

துண்டுகளை சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிக் குப்பைமேட்டில் போட்டார்கள். பிறகு பள்ளிக்கூட பஸ்ஸில் போகும்போது சாக்கடை நாலா ஓரத்துக் குடிசை ஒன்றின்மேல் அந்த வளைவைப் பார்த்தேன். கூரையாக வைத்திருந்தார்கள். உங்களில் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் காட்டவில்லை.

அம்மா வீட்டுக்கு வந்த அன்று முன்னறை கழுவி விட்டிருந்தது. சுவரில் படங்கள் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. நடு அறையில் நின்று சுற்றிப் பார்த்தாள். மாமா கதவோரம் நின்றார்.

“ஜன்னல் கம்பிய இன்னும் மாட்டலியா?” என்றாள். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து மறுபடி காட்டப் போனபோது நானும் கூடப் போனேன். வீட்டில் இப்போது எதுவும் இல்லை, செய்த இறக்கையைக்கூட அறுத்துப் போட்டுவிட்டோம் என்று அப்பா பெருமையாகவே சொன்னார். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். “அதை எதற்கு? டப்பாவில் இருப்பதும் ஈரமாக இருப்பதும்தான் ஆகாது. முழுசாக இறுகிப்போனது ஒன்றும் செய்யாதே. ஒரு ஷெட்டில் போட்டிருக்கலாமே” என்றார். நான்தான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். திரும்பும் ஆட்டோவில், கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு சாலையையே பார்த்து வந்தாள்.

மாமா டெல்லியிலேயே முனிர்காவில் அறை எடுத்துக்கொண்டு போனார். பின் ஊர்ப்பக்கமே போய்விட்டார். முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் எழும்பிய காலம். அவற்றுக்கு ஃபைபர் கிளாஸ் இறக்கை செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. கல்யாணம் செய்துகொண்டார். அம்மா போனாள், தாலிக்குப் பொன் கொடுத்தாள், முறையெல்லாம் செய்தாள். பேச்சு மட்டும் “சாப்ட்டியா”, “பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா” என்பதோடு நின்றது. இன்ஹேலர் அவள் கைப்பையில் நிரந்தரமானது. பெயின்ட் அடித்த வீட்டுக்கோ புதுக் காரிலோ அவளால் போக முடியாது. நம் தலைக்கு மேலே திரும்பிய கிளைடர்களும் பின்னால் நின்றுபோயின. பாதுகாப்பு என்று சொல்லி அந்த மைதானத்தில் பறப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

என் கல்யாணத்துக்கு அழைக்க நானும் அம்மாவும் மாமா வீட்டுக்குப் போனோம். அவர் வேலையிலிருந்து வந்தார். எங்களை வாசலிலேயே பார்த்தும் கிட்டே வரவில்லை. பின்பக்கமாகப் போய்க் குளித்து, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்து, காற்று தன் பக்கமிருந்து அம்மா பக்கம் வீசாதபடி நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். எப்போது நாங்கள் போனாலும் அப்படித்தான். பத்திரிகையை வாங்கினார். மருமகளே என்று என் தலையில் கைவைத்தார்.

அம்மாதான் ஆரம்பித்தாள்.

“என்ட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா.”

எதை என்று அவர் கேட்கவில்லை. பத்திரிகையின் மஞ்சள் தடவிய ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“கேட்டா அறுக்காதன்னு சொல்லிருப்பியேக்கா.”

“ஆமா,” என்றாள் அம்மா. “அதுக்குத்தாம்ல கேட்டிருக்கணும்.”

மாமா அழுதார். அம்மா எழுந்து கிட்டே போகவில்லை, அவரும் கிட்டே வரவில்லை. இன்னும் மூன்று வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வேண்டியிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான்தான் எழுந்தேன்.